நான்காம் மாடிக் கையெழுத்து

மார்ச் 6
லக்ஸம்பர்க், ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிபெயர்ப்பு அலுவலகம். இரண்டாம் மாடி காப்பி அறையில் ஏழு மொழிபெயர்ப்பாளர்கள் நாற்பது நிமிடம் விவாதித்தோம். ஒருவர் வெளிநடப்புச் செய்தார் (பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது). இறுதியில் வரலாற்று முடிவு எட்டப்பட்டது: அலமாரிக் கதவில் இனி ஒரு தாள் தொங்கும். ஒரே எழுத்துக்கூட்டு, மூன்று ஐரோப்பிய மொழிகள், மூன்று பொருள் – அப்படிப்பட்ட சொற்கள் அதில் ஏறும். அகராதி செல்லாது. சொல்லைக் கண்டவரே தாளைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு பொருளுக்கும் அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

மார்ச் 7
‘ரோக்’. டச்சில் பாவாடை, ஸ்லோவேனியனில் கெடு, போலிஷில் வருஷம். போலிஷ்காரர்கள் இருப்பது நான்காம் மாடி. அங்கே போக்னா என்ற பெண் கையெழுத்திட்டார். மூன்று வருடமாக மின்தூக்கியில் தலையசைத்ததோடு சரி. இன்று நான்கு வாக்கியம் பேசினேன். இரண்டு வானிலை பற்றியவை.

மார்ச் 8
‘மோஸ்ட்’. போலிஷில் பாலம். மற்ற இரண்டு மொழிகளுக்கு நாளை போகலாம்.

மார்ச் 16
‘சோக்’. டச்சில் காலுறை, ஹங்கேரியனில் நிறைய, போலிஷில் பழச்சாறு. போக்னா ஒரு கோப்பை ஊற்றியும் கொடுத்தார். சான்றுக்காம்.

மார்ச் 29
யாரோ ‘ஓரோ’ கொண்டுவந்தார்கள். இத்தாலியனில் தங்கம், ஸ்வீடிஷில் கவலை, லிதுவேனியனில் காற்றினுடைய. அறையே கைதட்டியது. போலிஷில் இந்தச் சொல் இல்லை. சுமாரான சொல்.

மார்ச் 30
என் எதிர் மேசை ஓடில் பிரெஞ்சு பேசும் பெல்ஜியக்காரர். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
“எஸ்கில், உங்க ஐரோப்பாவில போலந்து மட்டும்தான் மிஞ்சியிருக்கா?”
“தற்செயல்.”
“ஆமா. ஒன்பது தற்செயல்.”

ஏப்ரல் 18
‘சேர்’. ஸ்பானிஷில் இருத்தல். டேனிஷில் பார்க்கிறான் – அதற்கு நானே கையெழுத்து. போலிஷில் பாலாடைக்கட்டி.
“ஸ்பெயின்காரனுக்குத் தத்துவம், உங்களுக்குக் கண்பார்வை, எங்களுக்குக் கட்டி,” என்றார் போக்னா. “பங்கீடு நல்லாத்தான் இருக்கு.”
கையெழுத்திட்டுக்கொண்டே சொன்னார்: ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது, வார்சாவில் வேலை கிடைத்திருக்கிறது. “இங்கேயே நீட்டிக்க மே பன்னிரண்டு வரைக்கும் மனு கொடுக்கலாம். கொடுக்கத்தான் ஒரு காரணமும் தெரியலை.”
என்னைப் பார்த்தார். நான் “நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்? ஐம்பத்தொரு வயசாச்சு. சொந்த வாய் இன்னும் சொன்ன பேச்சு கேக்காதா?

ஏப்ரல் 19
சொல் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

மே 10
கடிதம் எழுதினேன். அவருக்கு டேனிஷ் தெரியாது. எனக்குப் போலிஷில் பத்துச் சொல்தான் தெரியும், அதில் ஒன்று பாலாடைக்கட்டி. ஆகவே பிரெஞ்சில். ஒரு பக்கம். உறையில் போடாமல் மேசையில் வைத்தேன், நாளை இன்னொரு முறை படித்துப் பார்க்க.

மே 11
மேசையில் இல்லை. மேசையில் வைக்கவே இல்லை – அய்யோ. இந்த அலுவலகத்தில் பிரெஞ்சில் எது எழுதினாலும் ஓடிலின் தட்டில் போட வேண்டும். இன்னொரு ஜோடிக் கண் படிக்காத தாள் வெளியே போகாது. பதினேழு வருஷப் பழக்கம், கை தானா போட்டிருக்கு.
ஓடில் தலையைத் தூக்காமல் பேசினார்: “ரெண்டாம் பத்தி முதல் பத்தியவே சொல்லுது. எடுத்துட்டேன். மூணாம் பத்தியில நீங்க மன்னிப்புக் கேக்கிறீங்க, எதுக்குன்னு தெரியலை. அதையும். ‘ஒருவேளை’ ஆறு இடத்தில இருந்துது, அஞ்சு போயாச்சு.”
“கடிதம் எங்க?”
“சரிபார்த்த தாள் உரியவருக்குப் போகணும். காலையிலேயே அனுப்பிட்டேன்.”
மதியம் சாப்பிடவில்லை. யாராவது வருஷக்கணக்கா விடுப்புத் தருவாங்களா?

மே 12
காலை ஒன்பதரை. போக்னா இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தார். இதுவரை வந்ததில்லை. சிவப்பு மையால் நிரம்பிய அந்தத் தாளை என் மேசையில் விரித்தார். மிஞ்சியிருந்தது மூன்று வரி.
“எல்லாம் தெளிவா இருக்கு. இந்த ஒரு ‘ஒருவேளை’ மட்டும் எதுக்கு?”
“அது… ஓடில் விட்டுட்டாங்க.”
“எதாவது ஒண்ணை எழுதினவருக்கு விட்டு வைக்கணும்,” என்றார் ஓடில், திரையைப் பார்த்தபடி.
போக்னா என் பேனாவை எடுத்து அதையும் அடித்தார். “இப்ப படி.”
படித்தேன். ‘போகாதீர்கள்’ என்று இருந்தது.
“சத்தமா.”
சத்தமாகப் படித்தேன். காப்பி அறையில் ஏதோ கரண்டி கீழே விழுந்தது.
“சரி,” என்றார். “மனுவை மத்தியானத்துக்குள்ள கொடுக்கணும். நீயும் கூட வா, அந்தப் படிவம் பிரெஞ்சுல இருக்கு.”
ஓடில் கையை நீட்டினார். “முதல்ல இங்க கொடுங்க.”

செப்டம்பர் 4
காலையில் என் வீட்டு வாசலுக்கு நகராட்சி வண்டி வந்தது. அறுபது லிட்டர் குப்பைத் தொட்டியை எடுத்துக்கொண்டு, நூற்றிருபது லிட்டர் தொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் இரண்டு பேர் என்றால் அதுதான் அளவாம்.