அப்பா மிதித்த தரை

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலியைச் சொன்னால் நீ அதற்கும் ஒரு பாடம் எடுப்பாய். நீ அந்த வெயிலில் அகழாய்வுக் குழிக்குள் உட்கார்ந்திருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவையும் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டுத்தான் போனது. கட்டில் கால் வரைக்கும் சேறு. அப்பா இல்லாமல் நான் வாருவது இதுதான் முதல் தடவை. பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று போன் பண்ணினால், "ஆறு கொண்டாந்து போடுற வண்டலாலதாம்மா மனுஷன் ஒரு இடத்துல உக்காந்தான், ஊருன்னு ஒண்ணு பொறந்ததே அதுலதான்" என்கிறாய். பிறந்தது இருக்கட்டும், வாரிக் கொட்டுவது யார்? நீ தோண்டுகிற அந்தக் காலத்து ஊர்க்காரர்களும் வெள்ளம் வரவரப் பழைய தரை மேலேயே புதுத்தரை போட்டு ஊரே மேடாகிவிட்டதாம், அதை அதிசயம் போலச் சொல்கிறாய். நம் வீட்டில் உன் அப்பா வேறென்ன செய்தார்? தெரு உயர உயரத் தரையை உயர்த்தினார், வாசல் நிலையையும் உயர்த்த வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. உன் அண்ணிக்கு வந்த அன்றைக்கே நிலையில் இடித்து நெற்றி வீங்கியது. கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் குனிந்துதான் போனார்கள், நீயும் பார்த்தாய்.

இப்போது கொத்தனார் வந்து நிற்கிறார். "இன்னும் ஒரு சாண் ஏத்தலைன்னா அடுத்த தண்ணி அடுப்பை அணைச்சுடும்க்கா" என்கிறார். உன் அண்ணன், "வீட்டைப் பூட்டிட்டு எங்க மாடிக்கு வா, எத்தனை தடவை சொல்றது" என்று கத்துகிறான். நீயோ, "ஏத்திடும்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று போனை வைத்துவிட்டாய். என்ன இருக்கிறதா? போன தடவை தரை போட்ட அன்று பால் பொங்குகிறது என்று நான் கத்த, உன் அப்பா தானே பூசிய ஈரச் சிமெண்டில் தானே மிதித்துக்கொண்டு ஓடினாரே, அந்தக் கால்தடம் இருக்கிறது. சேற்றை வாரியதும் முதலில் அதைத்தான் துடைத்தேன். எவளோ ஒருத்தி போட்டு உடைத்த பானையைக் கோழிக்குஞ்சைத் தடவுவது போலப் பிரஷ்ஷால் தடவுவாயாம், அப்பா காலை மட்டும் மூடச் சொல்வாயாம். நல்ல படிப்புடி. ஆறு திசை மாறியதும் அந்த ஊர்ச்சனம் எல்லாம் கிளம்பிவிட்டது என்கிறாயே, போகமாட்டேன் என்று ஒரு பிடிவாதக்காரி கூடவா இல்லை? நன்றாகத் தேடிப் பார்.

நான் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. தரையைப் போடச் சொல்லிவிட்டேன். சிமெண்ட் ஒட்டாமலிருக்கத் தடத்தின் மேல் மட்டும் நானே மணலைப் பரப்பினேன். எதுக்குக்கா என்றார் கொத்தனார். என் மகள் என்றைக்காவது தோண்டுவாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தூசிக்குத் தலையில் துணி கட்டிக்கொள். நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே, வாசல் இன்னும் ஒரு சாண் குறைந்துவிட்டது. வரும்போது குனிந்து வா.

இப்படிக்கு,
உன் அம்மா