மலை தெரியாத படம்

திருவண்ணாமலை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் யமுனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வேலூரில் விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் "பரவால்லப்பா, விடுங்க" என்று நீ முடித்துவிடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று முதலிலேயே வரிசைப்படுத்திக்கொண்டேன்.

1. உன் தம்பி அனந்தின் படத்தை நான் என்ன செய்தேன்.
2. அதை அவன் நன்மைக்காகவே செய்தேன் என்பது.
3. பெண் வீட்டார் வந்தபோது நடந்தது.
4. உன்னிடம் கேட்க வேண்டியது.

முதலாவது. வரன் பார்ப்பதற்காக மாடியில் அம்மா எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றில்தான் உன் தம்பி சிரித்திருந்தான். நீ பின்னால் நின்று அவன் காலரைச் சரிசெய்துகொண்டே, "கல்யாணத்துக்கு நிக்கிறியா, கரன்ட் பில்லு கட்ட நிக்கிறியாடா?" என்று கேட்ட நேரத்தில் எடுத்தது அது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் நான். எல்லைக்கோடு போடுவது பழகிய வேலை. கணினியில் படம் திருத்தும் மென்பொருளிலோ ஒரு சொடுக்கில் ஆளைத் தனியே பிரித்துவிடலாம். ஆளைத் தெளிவாக விட்டுப் பின்னணியை மட்டும் மங்கலாக்கினால் விலையுயர்ந்த கேமராவில் எடுத்ததுபோல் இருக்கும். அதற்குத் திரையில் ஒரு நகர்த்தும் பொத்தான். வலப்பக்கம் தள்ளத் தள்ள மங்கும். கொடியில் காய்ந்த துணிகளை மறைக்கக் கொஞ்சம் தள்ளினேன். துணிகள் மறைந்தன. உன் முகம் இன்னும் அடையாளம் தெரிந்தது. மேலும் தள்ளினேன். உன் பச்சைச் சேலை ஏதோ செடிபோல் ஆகும்வரை நான் நிறுத்தவில்லை.

குடும்பக் குழுவில் படத்தைப் போட்டபோது நீ "நல்லா இருக்குதுப்பா" என்று மட்டும் எழுதினாய். அடுத்த வாரமே வேலூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று புறப்பட்டாய். பேருந்து நிலையம் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்து உன்னை ஏற்றிவிட்டவன் நான்தான்.

இரண்டாவது. நீ கணவனைப் பிரிந்து வந்து வீட்டில் இருப்பது தெரிந்தால் வருகிற வரன் தட்டிப்போகும் என்று நினைத்தேன். அனந்துக்கு வயது ஏறுகிறது. எனக்கு வேறு எண்ணம் இல்லை.

மூன்றாவது. போன வாரம் வந்தவாசியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண் பெயர் மதுமிதா. நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டுமே என்று அம்மா பரபரத்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா போனில் அந்தப் படத்தைப் பார்த்து, "திருவண்ணாமலைன்றீங்க, மலையையே காணோமே சார்" என்று சிரித்தார். உன்னை மறைத்த வேகத்தில் மலையும் போயிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கி, "தோள் மேல இருக்கிற விரலு யாருதுங்க?" என்று கேட்டாள்.

மென்பொருள் உன் விரல்களை அனந்தின் சட்டையோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அவன் தலைமுடியின் ஓரத்தையெல்லாம் கவனமாகத் திருத்திய நான் அதைப் பார்க்கவில்லை. உன் நகத்து மருதாணிகூடத் தெளிவாக இருந்தது.

அனந்த்தான், "எங்க அக்காதுங்க. அவங்கதான் என்னைச் சிரிக்க வச்சாங்க. அப்பா ப்ளர் பண்ணிட்டாரு" என்றான். உன்னைப் பற்றி எதையும் ஒளிக்காமல் சொன்னான். யாரும் எழுந்து போகவில்லை. மதுமிதா மட்டும், "அவங்க இருக்கும்போது வர்றோங்க. அவங்களைப் பார்த்துட்டுத்தான் நான் பதில் சொல்வேன்" என்றாள். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

நான்காவது. வருகிற ஞாயிறு அவர்கள் மறுபடி வருகிறார்கள். நீ வர வேண்டும், யமுனா. மாடியில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வோம். கொடியில் துணி கிடந்தால் கிடக்கட்டும். நான் கணினியைத் தொடமாட்டேன். நீ வராவிட்டாலும் உன்மேல் வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. அருகன் அருளால் எங்கே இருந்தாலும் நலமாக இரு.

உறையில் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இரண்டாவது குறிப்பு தவறு. அனந்த் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. உன்னைப் பற்றி யாராவது கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல எனக்குத்தான் பயம். அந்தப் பயத்துக்கு அவன் பெயரை வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா,
குணபாலன்