காபி வேளையில் ஓடிய அலை

தாம்பரே, ஏப்ரல்

அன்புள்ள வேன்லா,

ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடத் தொடங்கிவிட்டது, நாங்கள் இருவரும் இருமல்கூட இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம். வெலிங்டனில் குளிர் பிடிக்குமுன் நீயும் உன் சுகத்தை இரண்டு வரி எழுதிவிடு. உன் அப்பாவின் கண் அப்படியேதான் இருக்கிறது, ஓரத்தில் உள்ளது தெரிகிறது, நேரே பார்ப்பது மறைகிறது. இந்தக் கோடையிலும் படகைத் தானே ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் எங்கள் ஆய்வகம்தான், ஆகவே விவரமாகவே எழுதுகிறேன். விழித்திரைக்குப் பின்னால் கருநிற அடுக்கு ஒன்று உண்டு, பார்க்கும் செல்களைப் பராமரிப்பது அதன் வேலை. அந்த அடுக்கின் செல்கள் கால்சியத்தால் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். சாயம் ஏற்றி ஒரு செல்லை ஊசிமுனையால் தொட்டால் அது ஒளிரும், பிறகு பக்கத்துச் செல் ஒளிரும், அப்படியே அலையாகப் பரவும். அப்பாவுக்கு உள்ள அதே நோயுள்ள ஒருவரின் தோல் செல்களை மாற்றி நாங்கள் வளர்த்த இதே அடுக்கின் செல்களில் அலை பாதியில் நின்றுவிடும். என் மாணவி தூலியா ஒரு மருந்து கலந்தாள், அலை தட்டின் விளிம்புவரை ஓடியது. நான் வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன், அப்பா வெள்ளைக்கோல் பயிற்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஒவ்வொரு முறையும் அலை தவறாமல் ஓடியதுதான் எனக்கு உறுத்தியது. போன வாரம் பல் பிடுங்கியிருந்ததால் எல்லோரும் காபிக்கு எழுந்தபோது நான் மட்டும் இருட்டறையில் இருந்தேன். தூலியா கதவில் தலையை நீட்டி, "சும்மாவாவது வந்து உக்காருங்க கிர்சி, செல்லுங்க எங்கேயும் ஓடிடாது" என்றாள். அப்போதுதான் உறைத்தது. மருந்தில்லாத தட்டைக் காலையில் வந்ததும் படம் பிடிக்கிறோம்; மருந்துத் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டுக் காபிக்குப் போகிறோம். அது மட்டும் இருட்டில் அசையாமல் இளைப்பாறுகிறது. மறுநாள் மருந்தில்லாத தட்டையும் காபி முடியும்வரை விட்டுவைத்தோம். அலை விளிம்புவரை ஓடியது. தூலியா, "ரெண்டு வருஷமா நான் காபியையா அளந்துட்டிருந்தேன்" என்று சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் யோசித்துப் பார், அந்தச் செல்களுக்குச் சேதி சொல்லத் தெரிகிறது! நல்ல செல்களுக்கு இளைப்பாறல் தேவைப்படவில்லை, இவை மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் களைக்கின்றன? இதுவே இப்போது என் தலைக்குள் சுற்றுகிறது. பதில் வர ஆண்டுகள் ஆகலாம், அது அப்பாவுக்கு உதவும் என்று நான் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை சவுனா நீராவி அறையில் அப்பாவிடம் சொன்னேன். சூட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப உங்க மருந்தைவிட காபி தேவலைன்னு சொல்லு" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தச் செல்லு ஏன் களைக்குதுன்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு" என்றார். மறுநாள் காலை என் காபிக் கோப்பைக்குள் படகுச் சாவி கிடந்தது. பயிற்சிக்கு மறுபடி பெயர் கொடுத்துவிட்டார்.

எனக்குப் படகு ஓட்ட வராது என்பது உனக்குத் தெரியும், ஜூனில் நடுக்கோடை விழாவுக்கு வந்துவிடு. அதற்குமுன் உன் கண்களையும் பரிசோதித்துக்கொள், இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய், அப்பாவைப்போல் தள்ளிப்போடாதே. எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். சாவியை உனக்காக வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

உன் அம்மா,
கிர்சி