ஏரிக்கு அடியில் ஒரு மணி

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீயும் காய்ச்சல் விட்டு எழுந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், உன் அறைத்தோழி சொன்னதை வைத்துப் பார்த்தால் அதில் பாதிதான் உண்மை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். அம்மா போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தள்ளிவிடுகிறாள், இவ்வளவு தூரம் படிக்க வந்ததற்கு இன்னும் கோபமா என்று போன வாரம் அழுதாயே, அதற்குப் பதில் இது. கோபமில்லை. அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

எனக்கே ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. எதிரி உருக்கிப் பீரங்கி செய்துவிடக் கூடாதென்று முதல் அரசன் கோட்டை மணியை ஏரியில் இறக்கினான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தாயே, அந்த ஏரிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். இடிந்த மதில், அதையொட்டி வரிசையாகப் பொம்மை மணிக் கடைகள், படகுக்கு நீண்ட வரிசை, எனக்குப் பொறுமை போய்விட்டது. நடு ஏரியில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, நாட்டை மனசார நினைச்சா மணி கேக்கும், யாரும் பேசாதீங்க என்றார். நிஜமாகவே கேட்டது, டொம் என்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் விறைப்பாக எழுந்து சல்யூட் அடிக்கப் படகு சாய்ந்தது, உக்காருங்க, மணியோட நாமளும் போய்ச் சேரணுமா என்று அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். அம்மா என் பக்கம் குனிந்து, எல்லாரும் எவ்வளவு அழகா நடிக்கிறாங்க பாருங்க என்றாள். ரகசியம் பேசுவதாக நினைப்பு, படகே திரும்பிப் பார்த்தது. நான் சும்மா இருப்பேனா, நடிப்பில்லை, சத்தம் உண்மை, மணிதான் பொய், அக்கரை நீரேற்று நிலையத்துக் குழாயில் வால்வு அடிக்கிறது, பராமரிப்பு சரியில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப நிஜமாவே சத்தம் வந்துச்சா?" என்றாள்.

அதற்குமேல் வால்வைப் பற்றி என்ன பேச. கரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருடமாகவே இப்படித்தானாம், நேரில் என்றால் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறாள், போனில் முடியவில்லை. புள்ளைக்குத் தெரிஞ்சா படிப்பைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்று மறைத்திருக்கிறாள். பிறகு அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவள் உள்ளங்கையை விரித்து விரலால் தட்டிக் காட்டினேன், ஒன்று, இடைவெளி, இன்னொன்று. இது மணிதான் என்றாள். மறுத்துப் பேசவில்லை, நம்பு.

காது டாக்டரைப் பார்த்தாயிற்று. கனத்த சத்தம்தான் முதலில் போகுமாம், உள்ளே சின்ன எலும்பு இறுகியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிட நல்ல வாய்ப்பு உண்டு என்கிறார். பயப்படுகிறாள், ஆனால் சரி என்று சொல்லிவிட்டாள். நீ கிளம்பி வராதே, தேர்வை எழுது. உனக்குப் பதினெட்டு, எனக்கு முப்பத்தொன்பது, அறிவுரை சொல்லும் வயசு இன்னும் வரவில்லை, இருந்தாலும் மாத்திரையைப் பாதியில் விடாதே. நன்றாக இரு, நினைத்தபடி படித்து மேலே வா.

இனிமேல் வீடியோவில் கூப்பிடு. வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார், வாயைக் கையால் மூடாதே, வழக்கம்போலக் கடகடவென்று கொட்டாதே. அம்மா இப்போதே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா