தராவீஹ் நேரத்துப் பொலிசி

நோன்பு 9, திங்கள்

கச்சான் காற்று. விடியவே அனல். சஹருக்குத் தின்ற சோறு எங்கே போனதென்று தெரியவில்லை.

இன்று:
– பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க
– டெக்னீசியன் ரிஸ்மியை மருதமுனை டவருக்கு ஏற்ற (ஏறமாட்டான், நோன்பு என்பான்)
– உம்மாவுக்குக் கடற்பாசி, இரண்டு பக்கட் (நோன்பு திறக்கக் காய்ச்ச)
– புது ரவுட்டர்!!!

புதிதென்றால் எங்களுக்குப் புதிது. கொழும்பில் யாரோ கழித்ததை முதலாளி ஹாஜியார் வாங்கி, லொறியில் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே அனுப்பியிருக்கிறார். முன்பென்றால் ஒவ்வொரு செக்பொயின்டிலும் இறக்கி, பிரித்து, இது குண்டில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். இம்முறை ஓரிடத்திலும் மறிக்கவில்லையாம். சண்டை முடிந்தது என்று ரேடியோவில் கேட்டபோதுகூட இவ்வளவு நம்பவில்லை.

எங்களிடம் இன்டர்நெட் எடுத்த வீடெல்லாம் இனி இந்தப் பெட்டிக்குள்ளால்தான் போக வேண்டும். யார் வருகிறார், பாஸ்வேர்ட் சரியா, எந்தப் பக்கேஜ், எவ்வளவு வேகம், எப்போது குறைக்க, எப்போது நிறுத்த, எல்லாம் இது பார்க்கும். நான் சொல்லிக் கொடுத்தால். உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நீ கேட்டடியில நிக்கிற வோச்சரா?"

ஓம் உம்மா, அதேதான். நாலு வருசம் படித்தது அதற்குத்தான்.

நோன்பு 10, செவ்வாய்

எல்லா வீட்டையும் புதுப் பெட்டிக்கு மாற்றியாயிற்று. ஒருவரும் அறியவில்லை. இந்தத் தொழிலில் அதுதான் பாராட்டு. சந்தோசத்தில் லுஹர் தொழுகை கொஞ்சம் நீண்டது.

அசருக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி.

"புள்ள, இதால நேரம் பாத்து வேகத்தக் குறைக்க ஏலுமா?"

"ஏலும் ஹாஜியார்."

அங்கேதான் வாயைக் கொடுத்தேன்.

அவருடைய யோசனை: இரவில் தராவீஹ் தொழுகை நேரத்தில் இளசுகள் பள்ளிவாசலுக்குப் போகாமல் படம் பார்க்குதுகள். அவருடைய இரண்டு மகன்மாரும் உட்பட. தொழுகை முடியும்வரை வேகத்தை இறுக்கு. "நன்மையில உனக்கும் பங்கிருக்கு மகள்."

"பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ் ஆக்களும் நம்மட்டத்தானே எடுத்திரிக்காங்க. அவங்களுக்கு என்னத்துக்கு ஹாஜியார் தராவீஹ்?"

தாடியைத் தடவினார். "மெய்தான். அப்ப நம்மட ஆக்களுக்கு மட்டும் போடு."

நோன்பு 11, புதன்

பெயர் பெயராகப் பிரித்தேன். நம்மட ஆக்கள் ஒரு குழு, தமிழ் ஆக்கள் ஒரு குழு. லேசென்று நினைத்தேன். எங்கள் ஆண்களின் பெயருக்கு முன்னால் ஏ.எல்.எம்., எம்.ஐ.எம். என்று ரயில்பெட்டி மாதிரி எழுத்துகள் தொங்கும், சந்தேகமே இல்லை. பெண்கள்தான் சோதனை. நிஷா எந்தப் பக்கம்? ரோஷினி? ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, "சும்மா கேக்கன், நீங்க நோன்பா?" என்று கேட்டேன். ஒரு நிஷா, "ஏன், கஞ்சி தரப் போறீங்களா?" என்றாள்.

பொலிசியையும், அதுதான் பெட்டிக்கு எழுதிக் கொடுக்கிற சட்டத்தையும், இரக்கத்தோடுதான் எழுதினேன். வீடியோ ஓடாது. ஆனால் மெயில் போகும், எழுத்துப் போகும், குரலும் போகும். வெளிநாட்டில் இருக்கிற புருசன்மாரோடு கதைக்கிறதுகள் பாவம். இப்படி யோசித்துச் செய்ய இந்தப் பட்டினத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

இரவு போட்டேன். கச்சிதம். தொழுகை முடிய, தானாகவே திறந்தது.

நோன்பு 13, வெள்ளி

ஜும்ஆவில் ஹாஜியாருக்குப் பாராட்டாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார். பள்ளியில் இளசுகள் கூடினதா என்று ரிஸ்மியிடம் கேட்டேன்.

"பள்ளியிலயா? எல்லாம் கரம் அடிக்கிதுகள். கரம்போர்ட் கடைக்காரருக்குத்தான் பறக்கத்து."

ஹாஜியாரின் சின்ன மகன்தான் சம்பியனாம். சிரித்துச் சிரித்துத் தாகம் எடுத்துவிட்டது. ஹாஜியாரிடம் சொல்லவில்லை.

வெயில் இன்னும் குறையவில்லை. உம்மா கடற்பாசிக்குச் சீனி கூடப் போட்டுவிட்டா.

நோன்பு 15, ஞாயிறு

பாண்டிருப்பிலிருந்து பூமணி அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். மருதமுனை காதர் காக்காவின் தறிகளுக்கு நூல் சுற்றுகிறவர். மோடத்தைச் சாறித் துண்டில் சுற்றி, முட்டை கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, இது பழுது போல."

போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"பகல்ல நல்லாத்தான் வேல செய்யிது. இரவைக்குத்தான் கை நிண்டு போகுது."

"எந்தக் கை?"

"மகள்ர கை."

மகள் விஜி கனடாவில். பிறவியிலேயே காது கேளாது, வாய் கதையாது. புருசனும் அப்படியே. தாயும் மகளும் கையால்தான் கதை. பள்ளிக்கூடத்தில் படித்த கைப்பாஷைகூட இல்லை, வீட்டுக்குள் இரண்டுபேருமாக உண்டாக்கியது. வேறு எவருக்கும் விளங்காது. எங்களுக்கு இரவு அவளுக்குக் காலை. மத்தியானம் அவள் வேலைக்குப் போகமுன் அந்த ஒரு நேரம்தான்.

"எழுதிக் கேக்கலாமே அக்கா?"

"அவள்ர கொம்பியூட்டர்ல தமிழ் இல்ல. எனக்கு இங்கிலீசு இல்ல."

விஜிக்கு இது தலைப்பிள்ளை. பெருநாளை ஒட்டி நாள் சொல்லியிருக்கிறார்களாம். நாலு இரவுக்கு முன் வயிற்றில் கையை வைத்து என்னமோ சொல்லத் தொடங்கினாள். அதோடு படம் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் அப்படித்தான்.

"என்ன சொல்ல வந்தாளெண்டு தெரியல்ல தங்கச்சி. புள்ளைக்கு என்னவுமோ தெரியல்ல. எனக்குச் சோறு இறங்குதில்ல."

நாலு இரவு. என் பொலிசி போட்டும் நாலு இரவு. ஆனாலும் இவர் தமிழ் ஆள், நான்தான் பிரித்துவிட்டேனே? தேடினேன். பூமணி என்று ஒரு பெயரும் இல்லை.

"என்ட பேரில எங்க? காதர் காக்காட பேரில."

சுனாமியில் வீடும் போய் அடையாள அட்டையும் போய்க் கொட்டிலில் இருந்த ஆளுக்கு எந்தக் கம்பெனி லைன் தரும்? காதர் காக்கா தன் பெயரில் கையெழுத்து வைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏ.எல்.எம். காதர். நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பக்கம் போட்ட பெயர். ரயில்பெட்டி!

ஒரு வரி மாற்றினால் போதும். ஆனால் தன்னைக் கேளாமல் பொலிசியில் கை வைக்கக் கூடாது என்று ஹாஜியார் சொல்லியிருக்கிறார். இவர் ஒருவரா, இப்படி இன்னும் எத்தனை பேர் எத்தனை பேரின் பெயரில் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.

"பேரு நம்மட பேருதானே புள்ள. காதருக்குத் தொறந்தா மறுகா ஊரே வந்து நிக்கும்."

"பேரு காதர் காக்கா. ஆள் பூமணி அக்கா."

"கண்ணால காணாம நான் ஒண்டும் மாத்த மாட்டன்."

"அப்ப நாளைக்கு வந்து காணுங்க ஹாஜியார்."

இப்படி அவரோடு நான் கதைத்ததே இல்லை.

நோன்பு 16, திங்கள்

நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, கஞ்சியும் இரண்டு பெட்டிசும். ஹாஜியாரின் வேனில் பாண்டிருப்புக்கு. காதர் காக்கா முன்னால். உம்மாவும் ஏறிவிட்டா. "ஆம்புளயளோட நீ தனிய என்னத்துக்கு?" என்றா. புதினம் பார்க்கத்தான், எனக்குத் தெரியாதா.

ஹாஜியார் வழியெல்லாம் மணிக்கூட்டைப் பார்த்தார். "தராவீஹ் முடியமுன்ன திரும்பிரணும்." காதர் காக்கா, "ஓம் ஓம்" என்றார், அவசரமே இல்லாமல்.

சின்ன வீடு, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர். பூமணி அக்கா எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். சரியாகத் தராவீஹ் தொடங்குகிற நேரம் விஜி வந்தாள். வட்ட முகம். சிரித்தாள். கையைத் தூக்கினாள்.

நின்றது.

என் பொலிசி. கச்சிதம்!

கை அந்தரத்தில், வாய் பாதி திறந்தபடி. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு இடத்தில் கை, திரும்பவும் நின்றது. பூமணி அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஹாஜியார் கதவடியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார்.

"எடு புள்ள" என்றார்.

"ஒஃபிசுக்குப் போகணுமா?" காதர் காக்கா.

தேவையில்லை. எழுத்துப் போகிற அளவு வேகம் நான்தானே விட்டு வைத்தேன்? எனக்கு எழுத்துப் போதும். அக்காவின் கதிரையில் இருந்து, அதே கொம்பியூட்டரில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ரவுட்டருக்குள் நுழைந்தேன். ஒரு எழுத்து அடித்தால் அது வர ஒரு மூச்சு. பெயரை மற்றக் குழுவுக்கு மாற்றினேன். மாற்றினால் மட்டும் போதாது, ஓடிக்கொண்டிருக்கிற இணைப்பை அறுத்துத் திரும்பக் கட்டினால்தான் புது வேகம் பிடிக்கும். அறுத்தேன். விஜி மறைந்தாள்.

"ஐயோ, புள்ள போயித்தாள்!"

"வருவாள் அக்கா, வருவாள்." உள்ளுக்குள் எனக்கு யாசீன் ஓதாத குறை. மோடத்தின் பச்சை லைட் இருந்தாற்போல் இரண்டு தரம் சிமிட்டியது. கதிரையை விட்டு எழும்பினேன்.

வந்தாள். கை ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், எப்படி ஓடியது! தாயின் கையும் ஓடியது. இரண்டுபேரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள், ஒருவரையொருவர் மறிக்காமல். பூமணி அக்கா இருந்தாற்போல் சிரித்தார், சிரித்தபடியே அழுதார்.

"என்னவாம்?" உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்டைக்குக் கீரிமீன் சொதி எப்படி வைக்கிறெண்டு கேக்க வந்திருக்காள். வயித்துப் புள்ளைக்கு ஆசையாம்." கண்ணைத் துடைத்தார். "அவளும் நாலஞ்சு நாளா அழுதிருக்காள். அம்மாட கை ஏன் நிக்குது, அம்மாக்கு என்னவுமோவெண்டு."

அங்கேயும் கை நின்றிருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

விஜிக்கு எங்களைக் காட்டினார். என்னைக் காட்டி ஏதோ சொன்னார், அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தாள். நன்றியாம். பிள்ளை என்பதற்கு எப்படி என்று கேட்டேன். தொட்டில் மாதிரிக் கையை ஆட்டிக் காட்டினார். பெண் என்றால் பிறகு மூக்கில் விரல், மூக்குத்திக்கு. ஆண் என்றால் மீசை. உம்மாவும் செய்து பார்த்தா.

ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துவிட்டார். பள்ளியில் தொழுகை முடிகிற சத்தம் கேட்டபோதுதான் திடுக்கிட்டார்.

நோன்பு 17, செவ்வாய்

மழை இல்லை, ஆனால் காற்றுக் கொஞ்சம் குளிர்.

ஹாஜியார் காலையிலேயே வந்தார். "எல்லாத்தயும் எடு. கேக்கிற ஆக்களுக்கு மட்டும் போடு." நேற்றைய தராவீஹை வீட்டில் தொழுதாராம், தானாகவே சொன்னார்.

இரண்டு குழுவையும் அழித்தேன். நிம்மதி. ஊரைப் பெயரால் பிளந்து வைத்துக்கொண்டு ஒரு கிழமை கெட்டிக்காரி என்று திரிந்திருக்கிறேன். இந்தக் கரையில் அப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் போதாதா?

இனித் தராவீஹ் வேகம் கேட்பவருக்கு மட்டும். இன்று கேட்டவர்: ஹாஜியார் வீடு. வேறு ஒருவரும் இல்லை. அவருடைய மகன்மார் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள்.

நோன்பு 20, வெள்ளி

காதர் காக்கா வந்தார். லைனைப் பூமணி அக்காவின் பெயருக்கு மாற்றச் சொன்னார். "இப்ப அவவுக்கு வீட்டு நம்பரும் இரிக்கி, அட்டையும் இரிக்கி." மாற்றினேன். எனக்கும் உம்மாவுக்கும் பெருநாளுக்கென்று ஆளுக்கொரு தறிச் சாறி தந்துவிட்டுப் போனார். எனக்குக் கத்தரிப்பூ நிறம். மெத்தப் பிடித்தது.

நோன்பு 27, வெள்ளி

பேட்டரி ஒன்று செத்தது. ரிஸ்மி ஒருவழியாக டவரில் ஏறினான். பெருநாளுக்கு முன் காசு கட்ட வந்த சனம், கவுண்டரில் இடி.

பூமணி அக்கா வந்தார். சனத்துக்குப் பின்னால், வாசலிலேயே நின்றார். கூப்பிட்டேன், சத்தத்தில் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தொட்டிலாக்கி ஆட்டினார். பிறகு மூக்கில் விரல்.