குமிழியின் ஓசை

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்க மறந்துவிடாதே.

எங்கள் பட்டறையில் அலமாரிகளின் மேல் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டுகிறோம். நோட்டுக்கு அட்டை போடும்போது பசை படாத இடம் உப்பிக்கொள்ளுமே, அதுபோல இதிலும் குமிழி வரும். விரலால் தட்டினால் அந்த இடம் மட்டும் டொக்கென்று ஒலிக்கும். அதை மர ரேகையோடு பிளேடால் கீறி, ஊசியால் பசை செலுத்தி, துணி விரித்து இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும்.

போன வாரம் பாலீஷ் முடிந்த ஓர் அலமாரியைத் தட்டிப் பார்த்து, குறையில்லை என்று அனுப்பினேன். மூன்று குமிழிகளோடு திரும்பி வந்தது.

மேஸ்திரி என் எதிரிலேயே தட்டினார். "வாத்தியாரே, வித்தியாசம் கேக்குதா?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

"அப்ப கோளாறு அலமாரியில இல்ல, உங்க காதுல. இன்னொண்ணு இப்படி வந்தா உங்களை வீட்டுக்குத்தான் அனுப்பணும்."

கவலைப்படாதே. இப்போது விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விழும் நிழலை வைத்துக் குமிழியைக் கண்டுபிடிக்கிறேன். நேற்று மேஸ்திரியே தலையாட்டினார். மேசை டிராயரில் இருக்கும் என் படிக்கும் கண்ணாடியை மட்டும் அனுப்பிவை.

இனி எதுவானாலும் கடிதத்தில் எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஏதோ கேட்டாய், நான் சரி என்றேன். அதன்பின் நீ பேசவில்லை, அல்லது பேசியது எனக்குக் கேட்கவில்லை. என்ன கேட்டாய்?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்