பதினோரு கூரைகளும் ஒரு கம்பமும்

மழை வந்தால் வீட்டில் தங்காத என் அப்பாவுக்கு,

நீ போய் இரண்டு ஐப்பசி கடந்துவிட்டது. நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அக்கா ஐடிஐ முடித்து, தவளக்குப்பத்தில் சோலார் மாட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கரண்ட் வேலையே வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ அழுதாள். "அப்பா செத்த வேலன்னா நான் செய்யக்கூடாதா? சோறு வடிக்கும்போது கூடத்தான் கை வேவுது" என்று அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு அம்மா தடுக்கவில்லை. அக்கா ஏணியோடு வண்டியில் ஏறும்போது மட்டும் உள்ளே போய்விடுகிறாள்.

நம் தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பதினோரு வீட்டு மாடியில் சோலார் பலகை இருக்கிறது. நம் வீட்டில் இல்லை. அக்கா கேட்டாள், அம்மாகூடச் சரி என்றாள். வேண்டாம் என்று அழுது தடுத்தது நான்தான்.

பள்ளி மலருக்காகத் தமிழ் ஐயா ஒரு கட்டுரை கேட்டார். "சூரிய மின்சாரமும் நாட்டின் வளர்ச்சியும்." நூலகத்தில் உட்கார்ந்து நிறையப் படித்தேன் அப்பா. நம் பக்கத்து மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்குவதுதான். எண்ணெய் கப்பலில் வருகிறது. எங்கோ ஒரு தேசத்தில் சண்டை வந்தால் இங்கே பாகூரில் டிராக்டர் ஓட்டுகிறவர் வரை கஷ்டம். வெயிலுக்குக் கப்பல் வேண்டாம், யாரும் அதை வழியில் மறிக்க முடியாது. பகலிலேயே மோட்டார் ஓடினால் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் பாயும். இதையெல்லாம் நம்பித்தான் எழுதினேன். இப்போதும் நம்புகிறேன்.

நான்காவது பக்கத்தில் "நாட்டின் பாதுகாப்பு" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கம்பத்தின் மேல் நிற்கிறவருக்கு? அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அதனால் கட்டுரையை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே மலருக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன்.

உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் மலரைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது தெரியாது. என் அப்பா லைன்மேன். புயல் மழையில் அறுந்த கம்பியை இழுத்துக் கட்டப் போனார். டிரான்ஸ்பார்மரில் ப்யூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார், தெரியாமல் யாரும் திரும்பச் சொருகிவிடக் கூடாது என்பதற்காக. கம்பியைச் சோதித்தார். கரண்ட் இல்லை. ஏறினார். அவர் மேலே இருக்கும்போது ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டிலிருந்து திரும்பிக் கம்பிக்கு வந்துவிட்டது. யார் வீடு என்று தெரியவில்லை. கேட்டபோது எல்லோரும் எங்கள் வீட்டில் போடவில்லை என்றார்கள்.

நீ டிரான்ஸ்பார்மர் பக்கம் பார்த்துப் பார்த்து வேலை செய்தாய். அது வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. இப்போது பதினோரு வீட்டில் கரண்ட் உண்டாகிறது. எனக்கு ஏன் பயமாக இருக்காது?

அக்காவிடம் கேட்டேன். "பயப்படாதடி. வெளியில கரண்ட் இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் சோலார் பொட்டி வேல செய்யும். லைன்ல கரண்ட் போச்சின்னா அதுவும் தானா தூங்கிடும். லைன்மேனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க" என்றாள்.

"யாராவது ஜெனரேட்டர்ல லைனுக்குக் கரண்ட் உட்டா?"

அக்கா கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அப்ப பொட்டி, கரண்ட் வந்துடிச்சின்னு ஏமாந்து எழுந்துக்கலாம்" என்றாள்.

அன்றிலிருந்து காற்று அடித்தாலே நான் வாசலுக்கு வந்து மாடிகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

போன மாதம் மழைக்காகப் பள்ளி விடுமுறை விட்ட நாளில் நான் பயந்தது வந்தது. வேப்பங்கிளை விழுந்து நம் தெருவில் கம்பி தொங்கியது. மதியம் ராஜவேலு மாமா வந்தார். உன்னோடு அன்று கீழே நின்றிருந்தவர்தான், இப்போது மேலே ஏறுகிறார். ப்யூஸைப் பிடுங்கினார், சோதித்தார், ஏணியில் கால் வைத்தார். மேகம் விலகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியாகப் பலகைகள் மினுங்க ஆரம்பித்தன. நான் ஓடினேன்.

"மாமா, ஏறாதீங்க!"

"இன்னா பாப்பா?"

"பதினோரு வூட்ல சோலார் இருக்குது."

"உங்கக்கா மாட்டுனதுதான? கூடப் பொறந்தவளையே நம்ப மாட்றியே, உன்ன இன்னா பண்றது!" என்று சிரித்தார்.

"அன்னிக்கும் கம்பி செத்துக் கெடக்குதுன்னுதான அப்பா ஏறுனாரு?"

சிரிப்பு நின்றது. காலைக் கீழே வைத்தார். "சரி, போயி எல்லா வூட்லயும் அணைச்சிட்டு வா. நீ வர வரிக்கும் நான் ஏறல."

ஒவ்வொரு வீடாகப் போனேன். "சோலார் சுவிட்ச அணைச்சிடுங்க, மெயினையும் அணைச்சிடுங்க." மூன்றாவது வீட்டு அத்தை சண்டைக்கே வந்துவிட்டாள். "வெயிலு பல்ல இளிக்குது, வூட்ல ஒரு ஃபேன் ஓடல. இன்னாத்துக்குடி உங்கக்கா இந்தக் கண்ணாடிய மாட்டிட்டுப் போனா? தூங்கறத வேற அணைக்கச் சொல்ற!" சொல்லிக்கொண்டேதான் அணைத்தாள். பத்து வீட்டிலும் பெட்டியில் சிவப்பு விளக்கு. அக்கா சொன்னது போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

பதினோராவது வீடு ஒரு பெரியப்பாவுடையது. சொந்தமில்லை, ஆனாலும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் எழுதப் போவதில்லை. மாட்டுக் கொட்டகையில் குனிந்து பழைய ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை வீட்டுச் சுவர் பிளக்கில். மெயின் சுவிட்ச் அணைக்காமல் இருந்தது, எஞ்சின் ஓடினால் கரண்ட் தெருக் கம்பிக்கும் போய்விடும். முதல் இழுப்பில் எஞ்சின் இருமியது. நான் உள்ளே ஓடி மெயினை அணைத்தேன்.

"ஏய், இன்னா பண்ற?"

"மெயின அணைக்காம போடாதீங்க பெரிப்பா. மாமா கம்பத்துல ஏறப்போறாரு."

"எனக்கே சொல்றியா? எத்தினி வருசமா போட்டுனு இருக்கேன். அன்னிக்கும் இப்படித்தான் போட்டேன், இன்னா..."

அதோடு நிறுத்திவிட்டார். கயிறு கையிலேயே இருந்தது. என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.  அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை அப்பா. பிறகு சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கீழே போட்டார். "போ பாப்பா. ராஜவேலு காத்துனு இருப்பான்" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

எல்லா வீட்டிலும் அணைத்தாயிற்று என்று போய்ச் சொன்னதும் மாமா ஏறினார். நான் கம்பத்தைப் பார்க்கவே இல்லை. பெரியப்பா வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து, கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்று, உள்ளே எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக அடித்தது. மாமா இறங்கி வந்து, "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று என் தலையில் தட்டினார். பெரியப்பா பாதியில் நிறுத்தியதை நான் அவரிடமும் சொல்லவில்லை.

உன்னைத் தூக்கியவர்களில் அந்தப் பெரியப்பாதான் முதல் ஆள். அம்மா மயங்கி விழுந்தபோது சோடா வாங்க ஓடியவரும் அவர்தான். இன்றைக்கும் நாங்கள் பால் வாங்குவது அவர் வீட்டில். அவர் சொன்னது வேறு ஏதோ ஒரு நாளாக இருக்கலாம். ஆனால் வேறு நாளாக இருந்தால் ஏன் அப்படி நிறுத்தினார்? அன்று போட்டது அவர்தான் என்றால், மெயினை மறந்த ஒரு நிமிடம் அது. இத்தனை நாளாக அவர் எப்படித் தூங்கினார்? தெரிந்துகொண்டே அம்மாவுக்குப் பால் ஊற்றினாரா? நான் தவறாக நினைத்திருந்தால் அந்தப் பாவம் எனக்கா?

எனக்கு எல்லாமே பயமாக இருக்கிறது. சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்று பயம். தெரு எங்களோடு பேசாமல் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால், அடுத்த புயலில் வேறொரு வீட்டில் இன்னொருவர் இரண்டு பிளக் வைத்த ஒயரைச் சொருகுவார். பல வீட்டில் அந்த ஒயர் இருக்கிறது அப்பா, நான் பார்த்துவிட்டேன். ஆறு வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஒயர் மேல் யாருக்கும் பயமில்லை. பலகையைப் பார்த்து நான் இத்தனை நாள் பயந்தேன், அந்த ஒயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. நம் வீட்டுக் கூரையில் பலகை மாட்டுவது பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அக்காவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ராஜவேலு மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். அவர் பெரிய பெண் என் பழைய புத்தகங்களைத்தான் படிக்கிறாள்.

இந்தக் கடிதத்தைத் தமிழ் ஐயாவிடம் நான் இன்னும் கொடுக்கவில்லை. அச்சில் பார்த்து அம்மா தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலை, அக்கா வண்டியில் ஏணியை ஏற்றும் முன்பு, அவளையும் அம்மாவையும் உட்கார வைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன். பெரியப்பா வரும் இடத்தில் என் குரல் நிச்சயம் நடுங்கும். நிறுத்த மாட்டேன் அப்பா. கடைசி வரை படிப்பேன். இது உன் மேல் ஆணை.

பயந்துகொண்டே எழுதி முடித்த
உன் சின்ன மகள்,
தேன்மொழி